31ஆம் நாள் இல்லாத மாற்றங்கள்: வாழ்க்கை திரும்பும் இடங்களைத் துணையோடு கடக்க ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு நடந்தால், யார் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. செய்தி கேட்ட கையோடு பக்கத்து வீட்டுக்காரர் வந்து முற்றத்தைக் கூட்டத் தொடங்குவார். மரண சகாய சங்கத்திலிருந்து கதிரைகள் வரும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, சாப்பாடு வெளியிலிருந்து வரும். பிறகு செத்தவருக்கான சடங்குகள் வரிசையாக வரும்: எட்டுச் செலவு, 31ஆம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி, வீட்டுக் கிருத்தியம், வருடம் முடிய ஆட்டைத் திவசம். கத்தோலிக்க வீடுகளில் 31ஆம் நாள் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். துக்கம் அதற்குள் தீர்ந்துவிடுகிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் துக்கப்படுகிறவருக்கு இன்றைக்கு எங்கே நிற்க வேண்டும், நாளைக்கு எங்கே போக வேண்டும் என்று ஊரே ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறது.

பென்சன் எடுத்த ரீச்சருக்கு அப்படி ஒரு பாதை இருக்கிறதா? கடைசிப் பிள்ளையையும் கட்டுநாயக்காவில் விமானம் ஏற்றிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பும் தாய்க்கு? வெளிநாட்டுப் பயணம் சரிவராமல் பாதி வழியில் திரும்பி வந்த பெடியனுக்கு? விவாகரத்து எடுத்த பிள்ளைக்கு? உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அறைக்கதவைப் பூட்டிக்கொண்டவருக்கு? இவர்களின் வீட்டுக்கு யாரும் கதிரை கொண்டு வருவதில்லை. அடுப்பை மூட்டுவதும் அவர்கள்தான், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதும் அவர்கள்தான்.

இந்த வழிகாட்டி அவர்களுக்காக. நான் 33 வருடம் படிப்பித்தவள். உளவளத்துணையில் (கவுன்சலிங்) பயிற்சி எடுத்து, பள்ளிக்கூடத்திலும் பிறகு ஊரிலும் தொண்டராகப் பலரோடு கூட இருந்திருக்கிறேன். அப்படியிருந்தும், ஒரே வருடத்தில் நான் பென்சன் எடுத்து, மகளும் கனடாவுக்குப் போனபோது, மற்றவர்களுக்குச் சொன்ன எதுவும் எனக்கு உடனே கைகொடுக்கவில்லை. பிறகு கைகொடுத்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதில் வரும் மற்றவர்கள் யாரென்று தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடங்கு இல்லாத மாற்றத்துக்கு நாமே ஒரு சடங்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆர்னல்ட் வான் ஜெனெப் என்ற இனவரைவியலாளர் 1909இல், உலகம் முழுவதும் மக்கள் செய்யும் இப்படிப்பட்ட சடங்குகளில் மூன்று கட்டங்கள் இருப்பதைக் காட்டினார். பழைய நிலையிலிருந்து பிரிவது, இரண்டும் இல்லாத நடுவில் நிற்பது, புதிய நிலையில் ஊரோடு மறுபடி சேர்வது. சாவுக்குப் பிறகு விலகி இருக்கும் எங்கள் துடக்கு நாட்களையும் அந்தியேட்டியையும் நினைத்துப் பாருங்கள், அந்த மூன்றும் அப்படியே இருக்கும். கீழே வரும் படிகளும் அந்த ஒழுங்கில்தான் போகின்றன.

முதல் படி: என்ன முடிந்தது என்று பெயர் சொல்லுங்கள்

மகளை அனுப்பிவிட்டு வந்த அடுத்த நாள் மத்தியானம் வழமைபோல அளவுப் பேணியான சுண்டை எடுத்து அரிசி அளந்தேன். ஒரு சுண்டு நிறைய எடுத்துச் சட்டியில் போட்ட பிறகுதான் கை நின்றது. எனக்கு அரைச் சுண்டே அதிகம். அள்ளித் திரும்பப் பெட்டிக்குள் போடவும் மனம் வரவில்லை. அப்படியே வடித்து, இரவும் அடுத்த நாள் காலையும் பழஞ்சோறாக அதையே சாப்பிட்டேன். விமான நிலையத்தில் வராத அழுகை அந்தச் சட்டிக்கு முன்னால்தான் வந்தது.

"மகள் வெளிநாடு போய்விட்டாள்" என்பது செய்தி. "ஒரு சுண்டு அரிசி போடும் வாழ்க்கை முடிந்துவிட்டது" என்பதுதான் எனக்கு நடந்தது. உங்களுக்கு நடந்ததையும் அந்த அளவுக்குக் கிட்டப்போய்ச் சொல்லிப் பாருங்கள். வேலை போனது என்றால் போனது சம்பளமா, காலையில் வெளிக்கிடும் காரணமா, "சேர்" என்று கூப்பிடும் குரலா? ஒரு தாளில் மூன்று தலைப்பு எழுதுங்கள்: போனது, போகாதது, இன்னும் தெரியாதது. நடுவில் இருப்பதை நிரப்பத்தான் நேரம் எடுக்கும். அவசரப்படாமல் நிரப்புங்கள். என்னுடைய தாளில் அந்த இடத்தில் முதல் நாள் ஒரு சொல்கூட இல்லை. நாலாம் நாள் "கையெழுத்து" என்று எழுதினேன். கரும்பலகை போனாலும் என் வடிவான கையெழுத்து போகவில்லை என்ற நினைப்பில்.

நல்ல மாற்றங்களுக்கும் இது பொருந்தும். தோமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் புள்ளி போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ இறப்பது 100, விவாகரத்து 73, திருமணம் 50, ஓய்வு பெறுவது 45, பிள்ளை வீட்டை விட்டுப் போவது 29. திருமணம் சந்தோசமான காரியம், அதற்கும் 50. எங்கள் ஊருக்கென்று போட்ட பட்டியல் இல்லை என்பதால் இலக்கங்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எனக்கு அது ஒரு விசயத்தை விளங்கப்படுத்தியது. 45உம் 29உம் 74. "ஆருக்கும் நடக்காததே உனக்கு நடந்தது?" என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு பாரங்களை ஒன்றாகத் தூக்குகிறேன் என்று சொன்னது அந்தக் கணக்கு. மாற்றங்கள் தனித்தனியாக வருவதில்லை. கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் மாறியவை எல்லாவற்றையும், சின்னது பெரிது பார்க்காமல், எழுதுங்கள்.

இந்தப் படியில் எங்கள் ஊரில் ஒரு பெரிய தடை இருக்கிறது. "தொண்ணூற்றைஞ்சிலை ஒரே இரவிலை எல்லாத்தையும் விட்டிட்டு நடந்தனாங்கள். இதெல்லாம் ஒரு கவலையோ?" 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுவதும் எழுந்து, கொட்டும் மழைக்குள் செம்மணி, நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தது உண்மை. அதை நடந்தவர்களுக்கு அதைச் சொல்ல எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எத்தனை இளம் பிள்ளைகளின் வாயை மூடியிருக்கிறது என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு நோவைக் காட்டி இன்னொரு நோவை அளக்க முடியாது. நீங்கள் இளையவர் என்றால், அம்மம்மாவிடம் வேறு விதமாகக் கேளுங்கள்: "அண்டைக்குச் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு முதல் கிழமை என்னம்மம்மா செய்தனீங்கள்? ஆர் சாப்பாடு தந்தது? எப்ப நித்திரை வந்தது?" அப்படிக் கேட்டால் வாயை மூடிய அதே கதை வழி சொல்லும் கதையாக மாறும்.

இரண்டாம் படி: உடம்பை முதலில் பாருங்கள்

இது சுருக்கமான படி, ஆனால் தவறவிட வேண்டாம். முதல் இரண்டு கிழமைக்கு வாழ்க்கையின் பொருள் என்ன என்று யோசிக்கத் தேவையில்லை. ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழும்புவது, மூன்று நேரமும் ஏதாவது சாப்பிடுவது, வெயில் ஏறமுன் அரை மணித்தியாலம் நடப்பது, ஒரு நாளைக்கு ஒரு முறையாவது படலையைத் தாண்டி வெளியில் போவது. இவ்வளவும் போதும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணியையும் கோப்பியையும் விடுங்கள். நித்திரை வராமல் ஃபோனில் வெளிநாட்டு உறவுகளின் படங்களைப் பார்த்துக்கொண்டு கிடப்பது பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே அறிவீர்கள்.

மூன்றாம் படி: திரும்ப எடுக்க முடியாத முடிவுகளைத் தள்ளி வையுங்கள்

கணவர் செத்து இரண்டு மாதத்தில் வளவை விற்று உறுதிப் பத்திரம் எழுதிய ஒரு அக்காவை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்கள் "தனிய இருந்து என்ன செய்யப்போறாய்?" என்று ஒவ்வொரு இரவும் எடுத்துக் கேட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஒரு வருடம் கழித்து அவருக்குத் தேவைப்பட்டது அந்தக் கிணற்றடியும் முருங்கையும்தான்.

என் கணக்கு இது: காணி, வீடு, நகை, சேமிப்பு, வேலையை விடுவது, ஊரை விட்டுப் போவது, மறுமணம் ஆகிய எதிலும் குறைந்தது மூன்று மாதத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள்: "தைப்பொங்கலுக்குப் பிறகு யோசிப்பம்." ஒரு திகதியைச் சொன்னால் ஆட்கள் விடுவார்கள். "பாப்பம்" என்றால் நாளைக்கும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் சொத்துரிமைக்குத் தேசவழமை என்ற சட்டமும் இருக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த தேடியதேட்டத்தில் துணைக்கு எது, பிள்ளைகளுக்கு எது என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு விளங்கிக்கொள்ளாமல் எந்த உறுதியும் எழுத வேண்டாம்.

தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு. மரணச் சான்றிதழ், ஓய்வூதியப் பத்திரங்கள், பல்கலைக்கழக விண்ணப்பம், மருந்து கிளினிக் திகதி. இவற்றை ஒரு தாளில் திகதியோடு எழுதி, தலை தெளிவாக இருக்கும் ஒருவரிடம் கொடுத்து "இதை எனக்கு ஞாபகப்படுத்து" என்று சொல்லுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் மூன்று மாதக் கணக்கு உங்களுக்கு இல்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

நான்காம் படி: யார் எதற்கு என்று பிரியுங்கள்

நாங்கள் பொதுவாக ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறோம். மூத்த மகனே காசும் அனுப்பி, கவலையும் கேட்டு, கந்தோர் வேலைக்கும் வழி சொல்ல வேண்டும் என்று. அவனுக்கு ஏலாமல் போனால் "பிள்ளை மாறிப்போச்சு" என்கிறோம். ஒரு கொப்பியில் நாலு பிரிவு போட்டுப் பாருங்கள்.

காது தருகிறவர். புத்தி சொல்லாமல் கேட்பவர். இவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருக்க மாட்டார். எனக்கு இவர் பழைய பள்ளிக்கூடச் சிற்றூழியர், என்னை விட ஆறு வயது மூத்தவர். இருபது வருடம் ஒரே விறாந்தையில் நின்றிருந்தும் அவர் இப்படிக் கேட்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கை தருகிறவர். கதைக்கமாட்டார், ஆனால் காஸ் சிலிண்டரை மாற்றித் தருவார், மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார்.

வழி தெரிந்தவர். எந்தக் கந்தோரில் எந்தப் படிவம் என்று அறிந்தவர். கிராம அலுவலர் முதலாவது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று தனித்தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னவரைப் பற்றி எங்கள் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவரிடம் போய்க் கதைக்கக் காசு தேவையில்லை.

கவலையைப் பற்றிக் கதைக்காத ஆட்கள். இவர்களும் வேண்டும். சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்க்க வருகிறவர்கள், மாதர் சங்கம், கோவிலில் பூக்கட்டுகிறவர்கள், பழைய மாணவர் சங்கம். ஒரு மணித்தியாலத்துக்கு உங்கள் பிரச்சினை இல்லாத இடம் அது.

ஒரு பிரிவு வெறுமையாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் ஆள் தேட வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கதைப்பதற்கு நேரம் குறித்து வைப்பது நல்லது. ரொறன்ரோ எங்களை விடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால். லண்டன் நாலரை, ஐந்தரை. எங்கள் இரவு ஏழரைக்கு மகளுக்குக் கோடையில் காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. ஞாயிறும் புதனும் அந்த நேரம் எங்கள் நேரம். அதற்கு முன்பு அவள் எப்போது எடுப்பாள் என்று நாள் முழுக்க ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேரம் குறித்த பிறகு மற்ற ஐந்து நாளும் எனக்குக் கிடைத்தன.

ஐந்தாம் படி: உதவியை அளந்து கேளுங்கள்

"ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லிவிட மாட்டோம். அவர்கள் பொய்க்குச் சொல்வதில்லை. என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது. ஆகவே கேட்பதை ஒரு வேலையாக, ஒரு நேரத்தோடு கேளுங்கள். "தம்பி, வாற செவ்வாய் காலமை பென்சன் கந்தோருக்கு என்னோடை ஒருக்கா வாறியே? பத்து மணிக்குள்ளை திரும்பிடலாம்." "மச்சாள், நான் அழுதாலும் நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம், பத்து நிமிசம் இருந்திட்டுப் போங்கோ." இரண்டாவதைச் சொல்வது கஷ்டம்தான். முதல் முறை நான் அதை வட்ஸப்பில் எழுதித்தான் அனுப்பினேன்.

வேண்டாத கேள்விகளைத் தள்ளிவிடவும் தெரிய வேண்டும். திரும்பி வந்த பெடியனின் கதையை இங்கே சொல்கிறேன். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டிய காசு, நடுவில் ஒரு நாட்டில் ஐந்து மாதம், பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து இரண்டு மாதம் அவன் படலைக்கு வெளியே போகவில்லை. காரணத்தைக் கேட்டபோது கடனைச் சொல்லவில்லை. "சந்திக்குப் போனால் எல்லாரும் 'இனி எப்ப போறாய்?' எண்டு கேக்கினம் ரீச்சர்" என்றான். அந்தக் கேள்வி எங்கள் ஊரில் சுகம் விசாரிப்பது போல ஆகிவிட்டது. அதற்கு ஒரு பதிலை இருவரும் இருந்து எழுதினோம். பல வரிகளை வெட்டி, கடைசியில் நின்றது: "இப்ப இஞ்சைதான் இருக்கிறன் அண்ணை. உங்கடை தோட்டம் எப்பிடி?" கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆட்கள் தங்கள் வெங்காயத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அவன் அதைக் கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பழகிவிட்டுத்தான் சந்திக்குப் போனான்.

ஆறாம் படி: கொப்பியோடு தனியாக இருங்கள்

துணையும் சாப்பாடும் நித்திரையும் ஓரளவு சரியான பிறகுதான் இதற்கு வாருங்கள். பச்சைப் புண்ணாக இருக்கும்போது தனியே இருந்து கிண்ட வேண்டாம்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் தொடர்ந்து நாலு நாள், ஒவ்வொரு நாளும் 15 நிமிடம், தங்களை உலுக்கிய ஒரு அனுபவத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே மனம் கனத்துத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் சுகயீனமென்று பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது. எழுதியவுடன் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

செய்யும் விதம் இப்படி. 80 தாள் கொப்பி ஒன்று வாங்குங்கள். மணிக்கூட்டில் 15 நிமிடம் வையுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், கதைக்கிற தமிழிலேயே எழுதுங்கள். நான் படிப்பித்த ஆள் என்பதால் முதல் நாள் கட்டுரை மாதிரி எழுதிவிட்டேன், ஒரு சொல்லும் உண்மையாக இல்லை. இரண்டாம் நாள் "எனக்கு அவளிலை கோவம்" என்று ஒரு வரி தானாக வந்தது. போகச் சொல்லி அனுப்பியவளே நான். அந்தக் கோபத்தைக் கண்டபோது எனக்குப் பயமாக இருந்தது, அப்புறம் ஆறுதலாக இருந்தது. எழுதியதை யாருக்கும் காட்டத் தேவையில்லை. எரிக்க வேண்டுமென்றால் எரியுங்கள். எழுதும்போது நெஞ்சு படபடத்து, பழைய போர்க்காலக் காட்சிகள் கண்முன் வந்து நின்றால் உடனே நிறுத்துங்கள். அது தனியே எழுத வேண்டிய விசயமில்லை, பயிற்சி பெற்ற ஒருவரோடு இருந்து பார்க்க வேண்டியது.

நாலு நாளுக்குப் பிறகு ஒரு கிழமை விட்டு, நாலு பக்கத்துக்கு நாலு தலைப்பு. இது நான்சி ஷ்லோஸ்பெர்க் என்ற உளவளத்துணைப் பேராசிரியர் தந்த வழி: நிலைமை, நான், துணை, உத்தி. நிலைமை: இதை நான் தேர்ந்தேனா, என்மேல் விழுந்ததா, எவ்வளவு காலத்துக்கு? நான்: முன்பு இப்படி ஒரு திருப்பத்தில் எப்படி நடந்துகொண்டேன்? துணை: நாலாம் படியில் எழுதியது. உத்தி: எதை மாற்றலாம், எதைப் பார்க்கும் விதத்தை மாற்றலாம், எதைத் தாங்கிக்கொள்ள மட்டும் முடியும்? இரண்டாம் பக்கத்தில் அதிக நேரம் இருங்கள். எங்கள் ஊரில் நாற்பது வயது தாண்டிய எவரும் குறைந்தது இரண்டு முறை எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியவர்கள். அந்தப் பக்கம் நிரம்பி வழியும்.

ஏழாம் படி: நடுவில் நில்லுங்கள், சின்னதாகச் செய்து பாருங்கள்

பழையது போய்விட்டது, புதியது வரவில்லை. இந்த இடத்தில் ஆட்கள் கூடுதலாக அவசரப்படுகிறார்கள்.

வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் வாடகை வீடுகளிலும் சொந்தக்காரர் வளவுகளிலும் இருந்த ஒரு அம்மாவுக்கு, இராணுவத்தின் கையிலிருந்த காணி விடுபட்டது. எல்லோரும் சந்தோசப்பட்டார்கள், அவரும்தான். ஆனால் முதல் நாள் போய்ப் பார்த்தபோது எல்லை தெரியவில்லை. வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணற்றை வைத்துத்தான் இது எங்கள் வளவென்று அடையாளம் கண்டார். பிள்ளைகள் உடனே கொட்டில் போட்டுக் குடியேறச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பஸ்ஸில் போனார். முதல் மாதம் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினார். பிறகு வேலிக்குக் கதியால் போட்டார். மூன்றாம் மாதம் அடுப்புக்கு மூன்று கல் வைத்து மத்தியானம் அங்கேயே சமைத்தார். "அந்த மண் என்னையும் நான் அந்த மண்ணையும் மறுபடி பழகோணும் பிள்ளை" என்றார். எட்டாம் மாதம்தான் இரவு தங்கினார். எனக்கு உளவளத்துணைப் பயிற்சியில் சொல்லித்தராத பாடம் அது.

நீங்களும் கிழமைக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய தொழிலை யோசித்தால் முழுக்க இறங்கமுன் ஒருவரோடு இரண்டு கிழமை நின்று பாருங்கள். பென்சன் எடுத்தால் உடனே ரியூசன் வகுப்பு தொடங்காமல், முதலில் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசியுங்கள். சரிவராவிட்டால் விட்டுவிடலாம், யாருக்கும் நட்டமில்லை.

எட்டாம் படி: எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்

மாற்றத்தால் வரும் கவலை அலையாக வந்து போகும். நடுவில் சிரிப்பும் வரும், பசியும் வரும். இரண்டு கிழமைக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்து, எதிலும் விருப்பமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் குழம்பி, அன்றாட வேலை செய்ய முடியாமல் இருந்தால் காட்ட வேண்டும். ஒவ்வொரு இரவும் குடித்தால்தான் படுக்க முடியும் என்றாலும் காட்ட வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிழமைக் கணக்குப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், அன்றைக்கே போங்கள். தனியாக இருக்க வேண்டாம்.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன, அரச வைத்தியசாலை என்பதால் இலவசம். உங்களுக்குக் கிட்டவுள்ள மற்ற ஆதார வைத்தியசாலையிலும் கிளினிக் நாளைக் கேட்டு அறியலாம். உளவளத்துணைக்குச் சாந்தியகம் போன்ற நிலையங்கள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். உளவளத்துணைக்கு 1333 என்ற இலக்கமும் உண்டு.

"ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆட்களை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்தியது என்று எழுதிவந்தவர். கூட்டு மனவடு என்று அதைச் சொல்வார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவர் சிகிச்சைக்குப் போவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஒன்பதாம் படி: ஒரு நாளைக் குறியுங்கள்

உங்கள் 31ஆம் நாள் இது. நாட்கணக்கு 31ஆக இருக்கத் தேவையில்லை, நூறாகவும் இருக்கலாம். மூன்று விசயம் வேண்டும். போனதற்கு ஒரு செயல், வந்ததற்கு ஒரு செயல், பார்த்திருக்க நாலு பேர்.

அந்தப் பெடியன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். கடவுச்சீட்டையும் பயணப் பத்திரங்களையும் ஒரு உறையில் போட்டு அவனே அலுமாரியின் மேல்தட்டில் வைத்தான். கிழிக்கவில்லை, பிறகு தேவைப்படலாம். அடகுச் சிட்டையை எடுத்துச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி வைத்தான், மீட்க வேண்டிய நகை என்று. தாய் பெரிய சட்டியில் ஒடியல் கூழ் காய்ச்சினார். பன்னிரண்டு பேர் வந்தோம். பிலாவிலையைக் கோலி எல்லோருக்கும் அவனே ஊற்றிக் கொடுத்தான். இரண்டு மாதமாக அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் அவன் கையால் வாங்கிக் குடித்தார்கள். சித்தப்பா ஒருவர் மெதுவாக "வாற மாசம் எங்கடை வேலைத்தளத்துக்கு ஒரு ஆள் வேணும்" என்று சொன்னது கூழ் முடிகிற நேரம்.

என் நாளில் நான் பள்ளிக்கூடச் சேலைகளில் ஏழு சேலையை எடுத்து, புதிதாக நியமனம் கிடைத்த இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். எட்டாவதை வைத்துக்கொண்டேன்.

கூட இருப்பவர்களுக்கு

சுகம் விசாரிக்கப் போகிறீர்கள் என்றால் சில குறிப்புகள். "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்ல வேண்டாம். மற்றவரின் கதையை நடுவில் எடுக்க வேண்டாம். "என்ன நடந்தது?" என்று துருவுவதை விட "இப்ப நித்திரை எப்பிடி?" என்று கேட்பது உதவும். தேத்தண்ணி வைக்க அவரை எழுப்பாதீர்கள், நீங்களே குசினிக்குள் போங்கள். கால் மணித்தியாலம் பேசாமல் இருக்கப் பழகுங்கள்.

முதல் கிழமை எல்லோரும் வருவார்கள். ஆறாம் கிழமை ஆள் குறையும், மூன்றாம் மாதம் ஒருவரும் வர மாட்டார்கள். இப்போதே நாட்காட்டியை எடுத்து மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிறைக் குறித்து வையுங்கள். போகும்போது கையில் நாலு முருங்கைக்காயோ ஒரு பிடி வல்லாரையோ கொண்டு போங்கள். படலையில் நின்று கூப்பிடும்போது சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்ல வேண்டாம், அவரைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லுங்கள்.